பனி காய்ந்த பிறகு

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. மழைக்குப் பதிலாக மேகம். ஜன்னலைத் திறந்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது, போவதில்லை. துவைத்த துணி மூன்றாம் நாளாகக் கொடியில்.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. கண்ணாடிக் காலுக்குத் திருகாணி. பல் டாக்டர் (ஒத்திப்போடலாம்).

பத்து மணி டவுன் பஸ். உட்கார இடம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே சொன்ன செய்தி: அடுக்கம் கிராமத்தில் முத்தையா என்பவரின் பசு நேற்றுக் காலை செத்துவிட்டது. வயிறு பீப்பாய் மாதிரி ஊதி, மூச்சுவிட முடியாமல். இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். "உங்க நோட்டீசக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாராம் டீச்சர்."

நான் டீச்சர் இல்லை. முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கியவள். செண்பகனூரில் கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் டீச்சர். மறுத்துப் பேசினால் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கிவிடுவார்கள்.

ஆனால் நோட்டீஸ் என்னுடையதுதான். 'மலைப்புல்லும் மாட்டின் ஊட்டமும்.' நான்கு பக்கம், பால் சங்க வெளியீடு, ஆங்கிலத்திலிருந்து தமிழில் நான். கடைசிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம் என்று சங்கத்தின் செயலர் இருதயராஜிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை ப்ரூஃப் பார்த்தேன்.

மூஞ்சிக்கல்லில் இறங்க வேண்டியவள், பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். கேஸ் பதியவில்லை. திருகாணி வாங்கவில்லை.

பசு எதனால் வேண்டுமானாலும் சாகலாம். பசுக்கள் படிப்பதில்லை. திரும்பி வரும் வழியில் இதை நான்கு முறை சொல்லிக்கொண்டேன். நான்காம் முறை சொன்னபோது நினைவு வந்தது: பசுவை ஓட்டுகிறவர்கள் படிப்பார்கள்.


அக். 10, வெள்ளி

மேகம். நோட்டீஸை மேஜைமேல் வைத்து, எனக்குப் பிடிக்காத ஒருவர் எழுதியதைப் படிப்பதுபோல் படித்தேன். இந்த வகை வாசிப்பில் எனக்கு நல்ல பயிற்சி.

பக். 1: கிக்குயூ புல். மலையெங்கும் கம்பளம். வயிறு நிரம்பும். இளசாக இருந்தால் சத்து, முற்றினால் நார். பிழையில்லை.

பக். 2: அட்டவணை. 'கச்சாப் புரதம்' என்று தலைப்பு. அரசாங்கத் தமிழ், நான் மாற்றவில்லை. புரதம்கூட இங்கே கச்சாவாகத்தான் வந்து சேருகிறது என்று அன்றைக்குச் சிரித்தேன்.

பக். 3: குளோவர். மூன்று இலை, வெள்ளைப் பூ. துரைமார் தங்கள் பங்களாக்களின் புல்வெளியில் விதைத்தது. அவர்கள் போய்விட்டார்கள், அது போகவில்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிக்குயூவைவிட அதிகம்; பால் கூடும். 'மேய்ச்சல் தாவரங்களின் அரசி' என்று எழுதியிருக்கிறேன். மூலத்தில் அரசி கிடையாது. முடிசூட்டியது நான்.

அதே பக்கத்தின் அடியில் எச்சரிக்கை, ஒரே வரி: 'பனி காய்ந்த பிறகே மேய விடுக.'

ஆங்கிலத்தில் இருந்தது, காலையில் புல்லின் மேல் நிற்கும் நீர்த்துளியைச் சொல்லும் வார்த்தை. விஷயம் இவ்வளவுதான்: ஈரமான குளோவரைப் பசியோடு வயிறு முட்டத் தின்றால் உள்ளே நுரை கட்டிவிடும். காற்று வெளியேற வழியில்லை. வயிறு உப்பி நெஞ்சை அழுத்தி, மாடு மூச்சுத் திணறிச் சாகும். புல் எவ்வளவு சத்தானதோ அவ்வளவு வேகமாக.

அந்த ஒரு வரியை மட்டும் இருதயராஜ் தன் கைப்பட 'ஈரம் காஞ்ச பெறகு' என்றுதான் எழுதித் தந்தார். அதை அடித்துவிட்டு 'பனி' என்று போட்டது நான். ஈரம் என்பது தரை துடைக்கிற சொல், பனிக்கு ஒரு மரபு இருக்கிறது என்று அவருக்குக் கால் மணி நேரம் வகுப்பும் எடுத்தேன். தலையாட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் பேக்கரி. இரண்டு பேர், நோட்டீஸை விரித்து அதன் மேல் பன்னை வைத்துத் தின்றுகொண்டு. ஒருவர் பன்னை நகர்த்தி நகர்த்திப் படித்துக்காட்டினார். மற்றவர் சொன்னார்: "பனியா? அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. மார்கழி வரட்டும், அப்பப் பாப்போம்."

நின்ற இடத்தில் நின்றேன்.

மதுரையில் பிறந்தவள் நான். எனக்குப் பனி என்றால் புல்நுனியில் இருப்பது. இந்த மலையில் பிறந்தவர்களுக்குப் பனி என்றால் மார்கழி, தையில் இறங்கிப் புல்லை வெள்ளையாக்கி, உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிட்டுப் போவது. மற்ற பத்து மாதமும் காலையில் புல்லில் கிடப்பது ஈரம். வெறும் ஈரம். அதைப் பற்றி என் நோட்டீஸில் ஒரு சொல் இல்லை.

முப்பது வருஷமாக இவர்களோடு இருக்கிறேன். பால் சங்கம் அச்சடித்தது ஐந்நூறு பிரதி.

பன் வாங்காமல் வந்துவிட்டேன்.


அக். 11, சனி

பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது: ஆக்னஸ்.

பக்கத்து வீடு. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவளுடைய தொழுவம். கணவர் லூர்து பள்ளிக்கூட மெஸ்ஸில் சமையல், விடியுமுன்பே போய்விடுவார். மாடு ஒன்றே ஒன்று, ஜூலி. ஜெர்சிக் கலப்பு. ஆறு மாதச் சினை, இன்னும் கறக்கிறது. அந்த வீட்டில் ஜூலிக்குப் பிறகுதான் லூர்துக்குச் சாப்பாடு. இது லூர்தே சொன்னது, குறையாகச் சொல்லவில்லை.

என் நோட்டீஸை முழுதாகப் படித்த ஒரே மனுஷி ஆக்னஸ். 'உலர் எடை' என்றால் என்ன என்று கேட்டாள். புல்லில் இருக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடை போடுவது என்றேன். "அப்ப நாம பாக்குறது பூராவும் புல்லு இல்லைங்கிறீங்க" என்றாள். நான் சொன்னதைவிடத் தெளிவு. அன்றிலிருந்து ஜூலியைச் சாலையோரக் கிக்குயூவில் விடுவதில்லை. மேலே வளைவில் பூட்டிக்கிடக்கும் பங்களாவின் புல்வெளிக்கு ஓட்டிப் போகிறாள். வாட்ச்மேன் அவளுக்கு ஏதோ முறை. அந்தப் புல்வெளி முழுக்க குளோவர். சங்கத்தில் கருவி வைத்துப் பார்த்ததில் பாலின் அடர்த்தி டிகிரி கூடிவிட்டதாம். "எல்லாம் உங்க அரசி வேலதான்க்கா" என்றாள் போன வாரம். நான் அடக்கமாக இருப்பதுபோல் இருந்தேன்.

இன்று காலை ஆறரை. கீழே சங்கிலிச் சத்தம். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

சொல்ல வேண்டியது: ஆக்னஸ், நான் தப்பாக எழுதிவிட்டேன். ஈரப் புல்லில் விடாதே.

சொன்னது: இவ்வளவு குளிரில் எதற்கு இப்படி வெள்ளனே ஓட்டுகிறாய், ஒன்பது மணிக்கு மேல் போகக் கூடாதா.

"ஜூலிக்குக் குளுராதுக்கா. ஒங்களுக்குத்தான் நடுங்குது."

ஆனாலும் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து மாட்டைத் திரும்பக் கட்டினாள். ஒன்பதரைக்குத்தான் போனாள். எட்டு மணிக்கே வெயில் வந்திருந்தது. அது என் திறமை அல்ல.

பிழைதிருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு: 'பக்கம் மூன்றில் பனி என்னும் சொல்லை விரிந்த பொருளில் கொள்க.' கிழித்தேன். இரண்டாவது: 'வாசகர்கள் இயல்பாகவே உணர்ந்திருக்கக்கூடும்.' கிழித்தேன். மூன்றாவது, யார் எழுதினார், யார் திருத்துகிறார் என்பதே தெரியாதபடி முழுக்கச் செயப்பாட்டு வினையில். அருமையாக வந்திருந்தது. வைத்துக்கொண்டேன்.

இருதயராஜுக்குப் போன். அடுக்கம் பசு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், காரணம் தெரியாது. பனி விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "அச்சுக்காரன் தப்புன்னு போட்டுரலாம் மேடம். சங்கத்தோட பேர்லயே ஒரு எழுத்த முழுங்குன ஆளுதான அவன்."

நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். 'சரி' என்று சொல்ல வாய் திறந்து மூடியதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.


அக். 12, ஞாயிறு

தூறல். கோவில். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. பின் வரிசையில் ஒரு பெண் குரல், "ரெண்டே நாள்ல எப்படி ஊதிருச்சு பாரு" என்றது. திரும்பிப் பார்த்தேன். யாருடைய மாமியாருக்கோ கணுக்கால் வீக்கம். அந்த மாமியாருக்காக மனதார நன்றி சொல்லிவிட்டு, பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

திரும்பும் வழியில் பங்களா வேலியோரம் நின்றேன். உள்ளே காட்டுமாடுகள் ஏழு. தண்ணீர் சொட்டச் சொட்ட குளோவரை மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் வயிறு ஊதவில்லை. குடை பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் பார்த்தேன். ஏதாவது ஒன்று தள்ளாடுமா என்று. அவற்றில் ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நடந்துவிட்டேன்.

ஆக்னஸ் இன்றும் ஒன்பதரைக்குத்தான் ஓட்டினாள். தூறல் நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாடு திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன். சாம்பார் தீய்ந்தது. திரும்பி வந்த ஜூலியின் இடது பக்கத்தைப் பார்த்தேன். விலாவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு, பசிக்குழி என்பார்கள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. இனி இப்படித்தானா, தினமும்?

முடிவு: நாளை அடுக்கம் போவது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது.


அக். 13, திங்கள்

ஜீப். மண் சரிந்த இடம் வரும்போதெல்லாம் டிரைவர் சிலுவை போட்டுக்கொள்கிறார், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து. விசுவாசம் என்னைக் கொல்லப் பார்த்த ஒரே சந்தர்ப்பம்.

முத்தையா வீடு. அறுபது வயதிருக்கும். பூண்டும் பீன்ஸும் போட்ட காலம் போய் இப்போது காப்பி, வாழை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து அவர் தரையில் உட்கார்ந்தார். நோட்டீஸ் எழுதியவள் என்று சொன்னதும் கும்பிட்டார். ஒத்திகை பார்த்துப் போன வாக்கியத்தை விட்டுவிட்டு, பசு எப்படிச் செத்தது என்று மட்டும் கேட்டேன்.

அவர் மனைவிதான் சொன்னார். பேத்திக்குக் காதுகுத்து. ஊர் முழுக்கச் சாப்பிட்டும் அண்டாவில் சோறும் பாயசமும் மிச்சம். கொட்ட மனமில்லை, மாட்டுக்கு வைத்தார்கள். ஆசையாகத் தின்றதாம், மறுபடியும் வைத்தார்களாம். காலையில் ஊதிக் கிடந்தது. மாட்டு டாக்டரம்மா வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. அறுத்துப் பார்த்துவிட்டு, சோறு உள்ளே புளித்து வயிறு கெட்டிருக்கிறது என்றாராம்.

முத்தையா அப்போது சொன்னார்: "வெசம் வச்சா கொன்னோம்? சோறு வச்சுக் கொன்னோம்ங்க."

நோட்டீஸ்? கடைசிப் பக்கத்தில் டாக்டரம்மாவின் போன் நம்பர் இருக்கிறது, அதற்காகக் கையில் வைத்திருந்தார். குளோவர் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. அந்த ஊர்ப் பக்கம் அது இல்லை.

நான் சிரித்துவிட்டேன். மாட்டைப் பறிகொடுத்த மனிதர் முன்னால். சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்றேன். அவர் மனைவி எழுந்துபோய்க் கிராம்பு கொண்டுவந்தார். வாங்கி மென்றேன். இவ்வளவு கேவலமாக நான் இருந்ததாக ஞாபகம் இல்லை. இவ்வளவு லேசாகவும்.

சாயங்காலம் ஆக்னஸ் குழாயடியில். பங்களாக்காரர்கள் நாளை சென்னையிலிருந்து வருகிறார்களாம், எட்டு மணிக்குள் மாடு வெளியே வந்துவிட வேண்டும் என்கிறானாம் வாட்ச்மேன். நாளைக்கும் ஒன்பது மணிதானா என்று கேட்டாள்.

நான் அன்றைக்குச் சும்மா சொன்னேன், உன் வசதிப்படி ஓட்டு என்றேன்.

இத்தனை வாரம் மேய்ந்து ஒன்றும் ஆகவில்லையே. ஆங்கிலத்திலும் 'நேரலாம்' என்றுதான் இருக்கிறது, 'நேரும்' என்று இல்லை. பிழைதிருத்தம் மேஜை இழுப்பறையில். மறு அச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

தோசை மூன்று. நன்றாகச் சாப்பிட்டேன்.


அக். 14, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. நேரப்படி எழுதுகிறேன்.

6.15. கனத்த மேகம், சொட்டும் அளவுக்கு. சங்கிலிச் சத்தம். கேட்டேன். புரண்டு படுத்தேன்.

8.20. வாசலில் ஆக்னஸ். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஜூலி ஊதிருச்சு."

பசிக்குழி இருக்க வேண்டிய இடத்தில் மேடு. முதுகெலும்புக்கு மேலே எழும்பி நின்றது. வாய் திறந்து, நாக்கு வெளியே, கால்களை அகட்டி. ஒவ்வொரு மூச்சும் எங்கிருந்தோ கடன் வாங்கியது போல.

போன் சிக்னல் என் வாசல்படியில்தான் கிடைக்கும். டாக்டரம்மா மேல் கிராமத்தில். வர ஒன்றரை மணி நேரமாகும். நிற்கிறதா, படுத்துவிட்டதா என்றார். நிற்கிறது. படுக்கவிடக் கூடாது. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். வாயில் குறுக்காக ஒரு கட்டையை வைத்துக் கட்ட வேண்டும். அது மென்றுகொண்டே இருந்தால் காற்று வெளியேறும். கால் லிட்டர் சமையல் எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக. தலையை ரொம்பத் தூக்கக் கூடாது. இருமினால் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஊதலுக்கு முன் அதுவே கொன்றுவிடும்.

ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக ஆக்னஸிடம் சொன்னேன். ஒவ்வொன்றையும் டாக்டரம்மாவிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். இன்னொரு சொல் மாறிவிடுமோ என்று. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மொழிபெயர்ப்பில் என்னுடையது என்று ஒன்றையும் சேர்க்கவில்லை.

கட்டைக்கு என் மோர் மத்தின் காம்பு. எண்ணெய் என் வீட்டு நல்லெண்ணெய். ஊற்றியது ஆக்னஸ்.

டாக்டர் போனில் கேட்டார், ஈரப் புல்லில் மேய்ந்ததா என்று. கேட்டுச் சொன்னேன்.

"இல்லைன்னு சொல்லுங்கக்கா. நோட்டீசுல போட்டபடிதான் மேச்சேன். பனிதான் இன்னும் விழலையே. வெறும் ஈரந்தான் கெடந்துச்சு."

போனில் நான் சொன்னது: "ஆமா டாக்டர். ஈரம்."

8.50. முன்னங்கால் மடங்கியது. ஆக்னஸ் கழுத்துக்கடியில் தோளைக் கொடுத்தாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அறுபத்திரண்டு வயது, ஐம்பது கிலோ. எதிர் டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து முட்டுக் கொடுத்தார்கள். செத்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, தெரிந்தது. அந்த நேரத்திலும் மனதில் ஓடியது: ஆக்னஸுக்கு எப்படித் தெரியாமல் வைத்துக்கொள்வது.

9.10. ஏப்பம். நீளமாக, புளித்த வாடையோடு, நுரை தெறித்து. பிறகு இன்னொன்று. இத்தனை கவியரங்கத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இப்படிக் கண் கலங்கியதில்லை.

9.55. டாக்டரம்மா ஸ்கூட்டரில், தலை முழுக்க ஈரம். வாய்வழியாகக் குழாய் விட்டார், மருந்து ஊற்றினார், ஊசி போட்டார். மேடு தணிந்தது. மாடு பிழைத்துக்கொண்டது. கன்றைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ரொம்ப நேரம் மூச்சு முட்டியிருக்கிறது. சில நாள் பார்க்க வேண்டும், கன்று கலைந்து விழாமல் இருந்தால் சரி. அதுவரை வைக்கோல்.

டீக்கடைக்காரர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: டீச்சர் மட்டும் இல்லையென்றால் மாடு போயிருக்கும். நான் மறுத்தேன். டீச்சர் என்பதை மட்டும்.


அக். 15, புதன்

மழை, விடாமல். ஜூலி தொழுவத்தில். சாணம் இளக்கம். அசை போடுகிறது, மெதுவாக. கன்று: தெரியவில்லை.

ஆக்னஸ் குழிப்பணியாரம் கொண்டுவந்தாள், ஒரு தூக்கு நிறைய. நன்றிக்கு. தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். ஐந்து இறங்கியது.

இருதயராஜ் போன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் உடனே போட ஒரு வரி வேண்டும். இழுப்பறையிலிருந்து என் அருமையான பிழைதிருத்தத்தை எடுத்தேன். படித்தேன். எந்த மாட்டையும் காப்பாற்றாது. புதிதாக எழுதினேன்: 'ஈரப் புல்லில் மாட்டை மேய விடாதீர்கள்.' ஐந்து சொல். ஒன்றே கால் மணி நேரம்.

குழுவில் யாரோ உடனே கேட்டிருந்தார்: "அப்ப பனி?" இருதயராஜின் பதில்: "பனியும் ஈரந்தான்யா." என் முப்பது வருஷ நூலகத்தில் இல்லாத அகராதி.

ஆனால் அடியில் அவராக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்.

மாலை ஆக்னஸ் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். அச்சுக்காரனை வைதாள். ஒரு உயிர் போகத் தெரிந்தது, இவன்பாட்டுக்கு ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டிருக்கிறானே, அவனுக்கு வீட்டில் மாடு கிடையாதா, பிள்ளை கிடையாதா. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒங்க பேரையும்ல கெடுத்துட்டான்" என்றாள்.

அச்சுக்காரரை எனக்குத் தெரியும். பெண் குழந்தைகள் இரண்டு. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் அச்சடித்தவர்.


அக். 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதியம், தொழுவத்தில். ஆக்னஸ் ஜூலியின் வலது வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். கன்று அசைந்தால் அங்கேதான் தெரியும். காலையிலிருந்து இப்படியே நிற்கிறாள் என்று லூர்து சொல்லியிருந்தார்.

வரிசையாகச் சொன்னேன். இருதயராஜ் ஈரம் என்று எழுதினார். நான் அடித்தேன். அச்சுக்காரர் மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை பேக்கரியில் எனக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமை குளிர் என்று சாக்குச் சொன்னேன். திங்கட்கிழமை, உன் வசதிப்படி ஓட்டு என்றேன்.

கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"வெள்ளிக்கெழமையே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"ஈரம்னு எழுதுனா என்ன கொறஞ்சிரும்?"

பதில் இருந்தது. மரபு, ஓசை, நயம் என்று ஒரு கால் மணி நேரத்துக்கு இருந்தது. மாட்டின் வயிற்றில் வைத்திருந்த அந்தக் கைக்கு முன்னால் அதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

வாளியில் தண்ணீர் காட்டினாள். வைக்கோலை உதறிப் போட்டாள். என்னைத் தாண்டிப் போய் வந்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. எனக்குப் பயம் மாட்டைப் பற்றி மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் சொன்னாள். டாக்டரம்மா நாளையிலிருந்து அரை மணி நேரம் மேய விடலாம் என்றிருக்கிறாராம், வைக்கோல் தின்ற பிறகு, புல் நன்றாகக் காய்ந்திருந்தால். பங்களாக்காரர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

"நாளைக்கு நீங்க வரணும். நோட்டீசப் பாத்து ஓட்ட இனிமே எனக்குத் தைரியம் இல்ல. நீங்களே புல்லுல கை வச்சுப் பாத்து, காஞ்சிருச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. சொன்னாத்தான் கயித்த விடுவேன்."

தண்டனையா, மன்னிப்பா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. 'அக்கா' இல்லை. கவனித்தேன்.


அக். 17, வெள்ளி

8.10. பங்களா புல்வெளி. மேகம் கலைகிற மாதிரி. ஆக்னஸ் கேட்டுக்கு வெளியே, ஜூலி கயிற்றில். கன்று காலையில் அசைந்ததாம். ஒரு தடவை. அதற்குப் பிறகு இல்லை. இந்த நோட்டையும் கொண்டுவந்தேன். நிற்கும் நேரத்தில் எழுத.

குனிந்து கை வைத்தேன். ஈரம். சொன்னேன். தலையசைத்தாள்.

8.45. ஈரம்.

9.20. மேலிலை காய்ந்த மாதிரி. புரட்டினால் அடியில் துளி. ஈரம்.

9.50. வெயில். சீக்கிரம் காயும். காய்ந்தாலும் சத்து எங்கும் போகாது, புரதம் இலையில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. இதையெல்லாம் நான்தான் எழுதினேன், பக்கம் இரண்டில். வாட்ச்மேன் வந்து கம்மலையா தேடுகிறீர்கள் டீச்சர் என்றான். ஆக்னஸ் சிரிக்கவில்லை.

10.15. வேறு மூன்று இடத்தில் பார்த்தேன். வேலி ஓரம், நடு, மரத்தடி. மரத்தடி ஈரம். நடுவில் காய்ந்திருக்கிறது. காய்ந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஜூலி கயிற்றை இழுக்கிறது. அதன் பசிக்குழி, பள்ளமாக, இங்கிருந்தே தெரிகிறது.

"காஞ்சிருச்சா?"

10.30. கையைப் புடவையில் துடைத்தேன். நடுவில் வைத்தேன். ஈரம். மறுபடி துடைத்தேன், இரண்டு பக்கமும். வைத்தேன். ஈரம். சுற்றிலும் வெயில், வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு அதே புல்லில் உட்கார்ந்திருந்தான், எழுந்தபோது அவன் காக்கித் துணியில் ஒரு பொட்டு ஈரமில்லை. என் கைக்கு மட்டும் ஈரம்.

ஆக்னஸ் கயிற்றை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டும். ஈரம் புல்லிலா, என் உள்ளங்கையிலா, தெரியவில்லை.